பை மாற்றும் அறை

என் தொப்புளுக்கு இடப்பக்கம் சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறது. பதினோரு மாதம் அங்கே ஒரு குழாய் இருந்தது. அதை எடுத்து எட்டு வாரம் ஆகிறது. நான் சொல்லப்போவது அந்தப் பதினோரு மாதக் கதையைத்தான். சிறுநீரகம் கெட்டுப்போய், வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற யாராவது இதைப் படித்தால் கடைசி வரைக்கும் படியுங்கள். பாதியில் நிறுத்தினால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

பாலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு பலதும் செய்து, கடைசியில் பாசிர் கூடாங்கில் கம்பெனி பஸ் ஓட்டினேன். ஷிப்டுக்குப் போகிற பெண்களை ஏற்றி இறக்குகிற வேலை. டயரை மூன்று தடவை தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டேன். முன்னால் நாய் நின்றால்கூடப் பிரேக்கை மிதிப்பேன். அந்தப் பெண்கள் எனக்கு வைத்த பேர் 'பிரேக் மாமா'. "மாமா, நாய் நம்மள முந்திப் போகுது லா," என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வரும். பயந்த சுபாவம் என்னை ஒரு விபத்தும் இல்லாமல் காப்பாற்றியது என்று அப்போது நினைத்திருந்தேன்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, எனக்குப் பல வருடமாக உண்டு. மாத்திரை ஒழுங்காகத்தான் போட்டேன். ஒரு நாள் சப்பாத்து காலில் ஏறவில்லை. சப்பாத்து சுருங்கிவிட்டதென்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் ஏறவில்லை. பிறகு சிறுநீரில் நுரை, காலையில் வாந்தி, பஸ் படி ஏறினால் மூச்சு. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் இதற்கு மட்டும் டாக்டரிடம் போகாமல் தள்ளிப் போட்டேன். பயம் அதிகமானால் ஆள் ஓடுவதில்லை, ஒளிந்துகொள்வான்.

என் மனைவி லெச்சுமிதான் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் என்று ஒரு எண் சொன்னார்கள். அது உடம்பு தினமும் உண்டாக்குகிற ஒரு கழிவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் சிறுநீரோடு போய்விடும். கெட்டுவிட்டால் ரத்தத்திலேயே தங்கி, எண் ஏறிக்கொண்டே போகும். எனக்கு ஏறியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்து மலாயில் சொன்னார்: "பாக்சிக், புவா பிங்காங் டா தா போலே கெர்ஜா." சிறுநீரகம் இனி வேலை செய்யாதாம். தோட்டத்தில் வேலைக்கு ஆகாத கிழவர்களைச் சொல்வது மாதிரி இருந்தது.

அப்புறம் காத்திருப்பு. நம்பர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஏர்கான் குளிரில் உட்கார்ந்திருப்போம். ஒரு நாளைக்கு இரண்டு கிளாசுக்கு மேல் எதுவும் குடிக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாளிலிருந்து லெச்சுமி என் எதிரில் தண்ணீர் குடித்ததில்லை. வீட்டில் அவள் கோப்பியைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் குடித்தாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்று, வாரத்தில் மூன்று நாள் மெஷினோடு படுத்து ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விடுவது. இன்னொன்று வயிற்று வழி. குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குள் ஒரு குழாய் வைத்து, சர்க்கரை கலந்த சுத்தமான தண்ணீரை இரண்டு லிட்டர் உள்ளே விட்டால், ரத்தத்தில் உள்ள கழிவு அந்தச் சவ்வு வழியாகத் தண்ணீருக்குள் வந்துவிடும். சில மணி நேரம் கழித்து அதை வெளியே விட்டு, புதுப் பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. வீட்டிலேயே, நாமே.

என் அண்ணன் மெஷினில் இருந்தார். ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனபோது குழாயில் அவருடைய ரத்தம் ஓடுவதைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் செத்ததும் அந்த மெஷின் நாற்காலியில்தான். அதனால் நான் யோசிக்கவே இல்லை. "வயித்துல வைங்க," என்றேன்.

ஆனால் அதற்கு வீடு பாஸாக வேண்டும். இது பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார். எங்களுக்கு வந்தவர் மிஸ்ஸி தவமணி. நாற்பது வயது இருக்கும், நெற்றியில் மெல்லிய திருநீறு, கையில் ஒரு தாள். பாசிர் கூடாங்கில் நாங்கள் இருந்தது நான்காவது மாடி, லிப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி வந்தவர், உட்காரக்கூடச் செய்யாமல் ஜன்னல் கம்பியை விரலால் துடைத்துக் காட்டினார். விரல் கறுப்பாக இருந்தது.

"காலையிலதான் தொடச்சேன் மிஸ்ஸி," என்றாள் லெச்சுமி, அழுகிற மாதிரி.

"உங்கள சொல்லலக்கா. பேக்டரிப் புகை, இங்க காத்தே இப்படித்தான். அண்ணே, மாசத்துக்கு நூத்திருபது தண்ணிப் பை வரும். பெட்டி பெட்டியா. நாலு மாடி யார் தூக்குவா? இந்த வீட்டுல முடியாது லா."

என் மகள் கவிதா பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அவள்தான் தம்போயில் தரைவீடு ஒன்றைப் பார்த்தாள். வாடகையை நான் கேட்டபோது, "அது என் தலவலி பா. உங்களுக்கு ஏற்கனவே நெறைய இருக்கு," என்றாள். சின்னப் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த தாமான் குடியிருப்பில், ஓரத்திலிருந்து இரண்டாவது வீடு. பின்பக்கம் ஒரு சின்ன அறை, அதற்குள்ளேயே கை கழுவுகிற பேசின். அந்தப் பேசினைப் பார்த்துத்தான் வீட்டை எடுத்தோம்.

தாயும் மகளும் இரண்டு நாள் அந்த அறையைத் தேய்த்தார்கள். காற்றாடியைக் கழற்றினோம், தூசு பறக்கக்கூடாது. ஜன்னலை மூடி டேப் ஒட்டினோம். ஒரு ஸ்டூல், ஒரு சக்கரம் வைத்த மேசை, பை மாட்ட ஒரு கொக்கி. சுவரில் கவிதா பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்: கதவு, முகமூடி, சோப்பு, மருந்துத் தண்ணீர், குழாய். அந்த வரிசை மாறக்கூடாது. பால் காய்ச்சிய அன்றைக்கு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். லெச்சுமி பாலைக் கண்ணீரோடு ஊற்றினாள். எனக்கு ஒரு மடக்குதான் கொடுத்தாள், கணக்கு இருக்கிறதே.

வயிற்றை மரக்கவைத்துக் குழாய் வைத்தார்கள். வலியைவிட அந்த இழுப்புதான் மறக்காது. பிறகு ஆஸ்பத்திரியில் பத்து நாள் பயிற்சி. பொம்மை வயிற்றில் மாட்டிக் கழற்றி, கடைசியில் பரீட்சை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சையிலும் தேறாத நான் அதில் தேறினேன். "நீங்கதான் அண்ணே இந்த மாசம் முதல் மாணவன்," என்றார் மிஸ்ஸி தவமணி.

வீட்டில் முதல் தடவை நானாக மாற்றியபோது நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தினேன். முகமூடி போட்டேன். சோப்பு, பிறகு கையில் தேய்க்கிற மருந்துத் தண்ணீர், எல்லாம் ஆயிற்று. குழாயின் மூடியைத் திறக்க வேண்டும். அந்த மூடிக்கு அந்தப் பக்கம் என் வயிறு. ஒரு கிருமி போனால் போச்சு. மூடியைப் பிடிக்கவே முடியவில்லை. கதவுக் கண்ணாடிக்கு வெளியே லெச்சுமி நிற்பது தெரிந்தது.

"என்னங்க, முடியலயா?"

"கை நிக்க மாட்டேங்குது."

"முருகான்னு சொல்லிட்டுப் பண்ணுங்க. பயப்படாதீங்க."

பால் காய்ச்சிய அன்று அவள் திருநீற்றுத் தட்டை அந்த மேசையின் மூலையில் வைத்திருந்தாள். அறைக்கும் ஒரு காவல் வேண்டும் என்றுதான். நான் மூன்று விரலால் எடுத்து நெற்றியில் பூசினேன். "முருகா," என்றேன். நடுக்கம் நின்றது. மூடியைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நான்கு முறை. அதை நான் ஒரு வேலையாக நினைக்கவே இல்லை. சுவரில் எழுதி வைத்த வரிசையில் அது இல்லை. மூச்சு விடுவதை யாராவது வரிசையில் எழுதுவார்களா?

முதல் நான்கு மாதம் நல்ல மாதங்கள். கம்பெனியில் இரக்கப்பட்டு, தம்போயிலேயே அவர்களுடைய பஸ் பட்டறையில் அரைநாள் வேலை கொடுத்தார்கள். எந்த பஸ் எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுத வேண்டும். காலையில் ஒரு பை மாற்றிவிட்டு நடந்தே போவேன். மதியம் வந்து அடுத்த பை. கால் வீக்கம் வற்றியது. புதுச் சப்பாத்து ஏறியது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வேலி மேல் கை வைத்து நலம் விசாரிப்பார். புது இடத்தில், புது உடம்போடு இருக்கிற மாதிரிதான் இருந்தது.

ஐந்தாவது மாதம் ஒரு காலை, வெளியே வந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. பையின் பின்னால் பேப்பரைப் பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எழுத்து தெரிந்தால் நல்லது. எனக்குத் தலைப்புச் செய்திகூடத் தெரியவில்லை. வயிற்றுச் சவ்வில் கிருமி புகுந்து சீழ் வைப்பது அது. மருந்தைத் தண்ணீர்ப் பையிலேயே கலந்து இரண்டு வாரம் விட்டார்கள். தெளிந்தது. மிஸ்ஸி தவமணி என்னைக் கூப்பிட்டு மறுபடி செய்து காட்டச் சொன்னார். பயிற்சி அறையில், அவர்கள் மேசையில், வரிசை தப்பாமல் செய்தேன்.

"ஒரு குத்தமும் சொல்ல முடியல அண்ணே," என்று அவரே குழம்பினார். "வேற ஏதாச்சும் செய்வீங்களா வீட்டுல?"

"ஒன்னும் இல்ல மிஸ்ஸி." பொய் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

என்மேல் குற்றம் இல்லையென்றால் வேறு யார் மேலோ இருக்க வேண்டும் அல்லவா? அன்றிலிருந்து வீட்டில் நான் போலீஸ் ஆனேன். லெச்சுமி தாளிக்கும்போது கதவைச் சாத்தினாளா என்று கேட்பேன். பக்கத்து வீட்டுப் பூனையைக் கல்லால் அடித்தேன், அந்த அம்மா பார்த்துவிட்டார், அதற்குப் பிறகு வேலிப் பக்கம் வரவில்லை. எல்லாவற்றையும்விடக் கவிதாவைத்தான் படுத்தினேன். அத்தனை ஜனத்தோடு பஸ்ஸில் பாலம் தாண்டி வருகிறாள், தலையோடு எதைக் கொண்டு வருகிறாளோ என்று, வாசல் குழாயிலேயே தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வா என்றேன். தினமும். மழை நாளிலும்.

ஒரு நாள் ஈரத்தலையோடு நின்று கேட்டாள்: "நான் என்ன கிருமியா பா?"

"சோப்பு போட்டியா?" என்றுதான் கேட்டேன்.

பயம் கூடக்கூடத் திருநீறும் கூடியது. நெற்றியில் மட்டும் இருந்தது, பிறகு குழாய் வயிற்றுக்குள் போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கீற்று. பிறகு மூடியைத் திறப்பதற்கு முன் மூடியின் மேலும் ஒரு பொட்டு. காப்பாற்று என்று. லெச்சுமி தட்டில் குறையக்குறைய நிரப்பி வைத்தாள்.

பதினோராவது மாதம் காய்ச்சலோடு வந்தது. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. தொட்டால் கத்தினேன். வார்டில் சேர்த்தார்கள். டாக்டரம்மா இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மருந்து விடுகிறோம், ஐந்து நாளில் தண்ணீர் தெளியாவிட்டால் குழாயை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் மெஷின்தான். நான் தினமும் பையின் பின்னால் பேப்பரைப் பிடித்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது, அது எழுத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிர்க்கட்டில் சீனக் கிழவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு நான் பேப்பர் படிக்கிறேன் என்று நினைப்பு.

மூன்றாம் நாள் மதியம் மிஸ்ஸி தவமணி வந்தார். லெச்சுமி பக்கத்தில் இருந்தாள்.

"அண்ணே, மத்தியானப் பைய நீங்களே மாத்துங்க. நான் சொல்லித்தர மாட்டேன், பரீட்ச இல்ல. இது உங்க வீட்டு ரூம்னு நெனச்சுக்குங்க, அக்கா இல்ல, நான் இல்ல. வீட்டுல எப்படியோ அப்படியே."

நான் முகமூடி போட்டேன். சோப்பு. மருந்துத் தண்ணீர். குழாயை எடுத்தேன். காய்ச்சலில் தலை லேசாக இருந்தது, வயிறு வலித்தது, மூடியைப் பார்த்ததும் பழைய நடுக்கம் வந்தது. என் வலது கை, என்னைக் கேட்காமல், மேசையின் மூலைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மூன்று விரலும் வெறும் தகரத்தைத் தடவின.

"என்னண்ணே தேடுறீங்க?"

"ஒன்னும் இல்ல. திருநீறு."

மிஸ்ஸி என் விரல்களைப் பார்த்தார். "கை கழுவினதுக்கு அப்புறமா?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையுமா?"

நான் தலையாட்டினேன். மூடியில் வைத்த பொட்டையும் சொன்னேன்.

"நான் பாத்தேன் மிஸ்ஸி," என்றாள் லெச்சுமி. "கதவுக் கண்ணாடி வழியா தெனமும் பாத்தேன். மனசுல லேசா உறுத்துச்சு. சாமி விஷயம், வேணாம்னு எப்படிச் சொல்றது? அதையும் எடுத்துட்டா அவரு எதப் புடிச்சிக்குவாரு?"

"இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா," என்றார் மிஸ்ஸி. அவர் நெற்றித் திருநீறு வியர்வையில் பாதி அழிந்திருந்தது. "நானும் பூசுறவதான். யாரு பூசாதீங்கன்னு சொன்னா? பூசிட்டு, அப்புறம் கை கழுவியிருக்கலாமே அண்ணே. அவ்வளவுதானே."

அவ்வளவுதான். வரிசையில் ஒரு இடம் முன்னால். ஆறு மாதமாக நான் பூனையையும் தாளிப்பையும் பெற்ற மகளையும் சந்தேகப்பட்டேன். என் விரலைச் சந்தேகப்படவில்லை.

அன்று சாயங்காலம் கவிதா வேலையிலிருந்து நேராக வார்டுக்கு வந்தாள். தலை ஈரமாக இருந்தது. வெளியே மழை இல்லை. ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் தலையை நனைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கட்டிலுக்கு நான்கடி தள்ளி நின்று, "கிட்ட வரலாமா பா?" என்றாள். லெச்சுமி முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்றேன். அதற்கே அவள் அழுதுவிட்டாள்.

ஐந்தாம் நாள் பேப்பரைப் பிடித்துப் பார்த்தேன். எழுத்து இல்லை. மறுநாள் குழாயை எடுத்தார்கள். பிறகு மறுபடி வைக்கலாமா என்று கேட்டதற்கு, உள்ளே சவ்வு ஒட்டிப்போய்விட்டது, முடியாது என்றார்கள். கழுத்தில் வேறு குழாய் வைத்து என்னை மெஷினில் போட்டார்கள். முதல் தடவை நான்கு மணி நேரமும் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு பக்கம் ரத்தம் போவதும் இன்னொரு பக்கம் வருவதும், பார்க்காவிட்டாலும் தெரிந்தது. அண்ணன் ஞாபகம்தான். இப்போது வாரத்துக்கு மூன்று நாள். கையில் ரத்த நரம்பை இணைத்து ஆபரேஷன் பண்ணியிருக்கிறார்கள். அது தடித்ததும் கழுத்துக் குழாய் போய் ஊசி வரும். அதற்கு இப்போதே பயந்துகொண்டிருக்கிறேன். பட்டறை வேலை போய்விட்டது. ஒரு நாள் மெஷின், மறுநாள் அந்தக் களைப்பு, இதில் எங்கே வேலைக்குப் போவது?

தம்போய் வீட்டில்தான் இருக்கிறோம். மிச்சப் பெட்டிகளை ஆஸ்பத்திரி வண்டி வந்து எடுத்துப் போனது. எந்த அறைக்காக வீடு மாறினோமோ அந்த அறையில் இப்போது துணி காய்கிறது.

போன வாரம் மெஷினுக்காக ஆஸ்பத்திரி நடைபாதையில் காத்திருந்தபோது மிஸ்ஸி தவமணி வந்து என் கையைப் பிடித்தார். "அஞ்சு நிமிஷம் வாங்கண்ணே." பயிற்சி அறையில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், கோத்தா திங்கியிலிருந்து வந்தவர். இரண்டு தடவை தண்ணீர் கலங்கிவிட்டதாம். செய்து காட்டச் சொன்னால் ஒரு பிழையும் இல்லையாம். வேறு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாராம். முழங்காலை இறுக்கிச் சேர்த்து உட்கார்ந்திருந்தார். அந்த உட்காருதல் எனக்குத் தெரியும்.

"நான் ஒன்னு கேக்கட்டுமா தங்கச்சி?" என்றேன். "கை கழுவியாச்சு. மூடியைத் தெறக்கணும். அப்பப் பயம் வருமே, அப்ப என்ன செய்வீங்க?"

அவர் மிஸ்ஸியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒன்னும் செய்றதில்லண்ணே. தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவேன். அவ்வளவுதான்," என்று தாலியைப் பிடித்துக் காட்டினார்.

மிஸ்ஸி தவமணி எழுதுவதை நிறுத்தினார்.

"ஒத்திக்குங்க," என்றேன். "கட்டாயம் ஒத்திக்குங்க. அத மொதல்ல செஞ்சிட்டு, அப்புறம் போயி கைய கழுவுங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் தாலியை விட்டுக் கையை எடுத்தார். வெளியே என் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து மெஷினுக்குப் போனேன்.